வினா எண் 212

ஜூலை 1, செவ்வாய்

கதவில் 'மருந்துத் தகவல் மையம்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, நான். மருந்தில் சந்தேகம் வந்தால் மருத்துவர்களும் செவிலியர்களும் இங்கே கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு கேண்டீன் எண் வேண்டும். அதையும் சொல்கிறேன்.

ஆறு வருடம் பார்ம்.டி. என்ற மருந்தியல் படிப்பு படித்தேன். அதில் ஒரு வருடம் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாதே. நோயாளி யார், என்ன வயது, வேறு என்ன மருந்து, என்ன சாப்பிடுகிறார், எதற்காக இதைக் கேட்கிறார்கள். எல்லாம் விசாரித்த பிறகு புத்தகத்தைத் திற. வினாப் படிவத்தில் இதற்கென்றே மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. பெயர் 'பின்னணி'.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் துறைத்தலைவர் சங்கரவடிவு மேடம் நடைமுறையை விளக்கினார். பதில் பத்து நிமிடத்துக்குள் போய்விட வேண்டும். தர ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பது நேரத்தைத்தான். பின்னணிக் கட்டத்தைச் சனிக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

எட்டு மாதமாக அப்படித்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை மதியங்களில், பார்த்தே இராத மனிதர்களுக்கு வயதும் எடையும் வழங்குகிறேன். பெரும்பாலும் தாராளமாக.

ஜூலை 2, புதன்

நரம்பியல் வார்டிலிருந்து சிஸ்டர் கனகராணி. ஒன்பதாம் படுக்கை. ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து இதுவரை ஊசியில் போயிற்று. இன்றிலிருந்து மாத்திரை. நோயாளியால் விழுங்க முடியாது. பொடித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். சாதாரண மாத்திரைதானா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளவும். மெதுவாகக் கரையும் வகை என்றால் பொடிக்கக் கூடாது. முப்பது மில்லி தண்ணீரில் கலக்கவும். முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவவும். இரண்டு நூல்களிலிருந்து ஆதாரம்.

நான்கு நிமிடம். வினா எண் 212.

மதியம் சாரல் விழும் போலிருந்தது. விழவில்லை.

ஜூலை 4, வெள்ளி

நிர்வாகம் ஒரு செயலி வாங்கியிருக்கிறது. மருத்துவர் கைபேசியில் கேள்வியைத் தட்டினால் அதுவே பதில் தரும். நம் மையத்தின் பழைய பதில்களை அதற்குக் கற்பிக்க வேண்டும். கற்பிப்பது என் பொறுப்பு.

அது கற்று முடித்தபின் எனக்கு என்ன வேலை என்று மேடத்திடம் கேட்டேன். அது சொல்வது சரியா என்று பார்க்கும் வேலை என்றார். பதவி உயர்வு மாதிரிச் சொன்னார்.

அம்மா ஃபோன் செய்தாள். பக்கத்து வீட்டு அத்தை நான் எந்த மருந்துக்கடையில் இருக்கிறேன் என்று விசாரித்தாளாம். அம்மா விளக்கிப் பார்த்துவிட்டு, முடியாமல், பெரிய கடை என்று சொல்லிவிட்டாளாம்.

நாளை விடுப்பு. தொண்டைவலி. படிவங்கள் அடுத்த சனிக்கு.

ஜூலை 7, திங்கள்

மறுபடி சிஸ்டர் கனகராணி. ஒன்பதாம் படுக்கைக்கு நேற்று இரண்டு தடவை வலிப்பு. டாக்டர் கோகுல்நாத் மருந்தை முந்நூறு மில்லிகிராமிலிருந்து நானூறாக ஏற்றுகிறார். நான்கு மாத்திரையையும் ஒன்றாகப் பொடிக்கலாமா?

பொடிக்கலாம். மூன்று நிமிடம். இது என் சாதனை.

ஜூலை 9, புதன்

ஒன்பதாம் படுக்கை. இரத்தத்தில் இந்த மருந்து எவ்வளவு இருக்க வேண்டும்? பத்து முதல் இருபது வரை. இவருக்கு நான்குதான் இருக்கிறது என்றார் சிஸ்டர். மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வேளை தவறாமல் தன் கையாலேயே கொடுப்பதாகச் சொன்னார், சற்றுக் கோபமாக. இரண்டு நிமிடம்.

பதில் முடிந்த பிறகும் அவர் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இருவருக்கும் எதுவோ கேட்க இருந்தது போல. பிறகு வைத்துவிட்டோம்.

ஜூலை 10, வியாழன்

ஒன்பதாம் படுக்கைக்கு நானூற்றைம்பது. பொடிக்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

பயிற்சிக்கு மூன்று மாணவர்கள் வந்திருக்கிறார்கள். இருவர் தலையாட்டுகிறார்கள். மூன்றாவது நிலோஃபர். மேலப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

மாதிரிப் பயிற்சி நடத்தினேன். நான் செவிலியர், அவள் மருந்துத் தகவல் நிபுணர். ஒரு நல்ல பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 212-ஐத் தேர்ந்தெடுத்திருந்தேன். படிவத்தின் நகலை மூவருக்கும் கொடுத்தேன். பதில் பகுதியை மட்டும் மடித்து ஒட்டியிருந்தேன்.

கேள்வியைக் கேட்டேன். அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. நோயாளிக்கு என்ன வயது என்றாள். ஐம்பது என்று சொல்லிவைத்தேன். எதனால் வலிப்பு, வேறு என்ன மருந்து, கல்லீரல் எப்படி. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இந்த வேலையில் எனக்குப் பழக்கம் உண்டு.

"டியூப்ல என்ன ஃபீடு போகுது சிஸ்டர்? எத்தனை மணிக்கு ஒருக்க?"

தெரியாது என்றேன். குழாயில் போகும் ஆகாரம் பற்றி எதற்கு என்று செவிலியராகவே கேட்டேன்.

"ஃபீடும் மாத்திரையும் சேந்து போனா மருந்து ரத்தத்துல ஏறாதுல்லா. முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ரெண்டு மணி நேரம் ஃபீட நிறுத்தணும்." பிறகு நாடகத்தை விட்டு வெளியே வந்து, "நீங்க படிக்கும்போது எழுதுன நோட்ஸ்ல இருக்கே மேடம். நாலாம் வருசம். நாங்க அதத்தான் ஜெராக்ஸ் எடுத்துப் படிச்சோம்" என்றாள்.

கடிகாரத்தை நிறுத்தினேன். பதினான்கு நிமிடம். நேரம் அதிகம் என்று இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

ஜூலை 12, சனி

இரண்டு வாரத்துக்கும் சேர்த்துப் பத்தொன்பது படிவங்களுக்குப் பின்னணி எழுதினேன். ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மாலை பாடகர் குழுப் பயிற்சிக்குப் போகவில்லை. தலைவலி.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனையில் பாவ அறிக்கை. எல்லாரும் ஒரே குரலில் சொல்வது. எளிதாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

நரம்பியல் வார்டுக்குப் போனேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. இரண்டே மாடி.

ஒன்பதாம் படுக்கையின் பெயர் இசக்கியப்பன். அரசுப் பேருந்து நடத்துனர். படிக்கட்டிலிருந்து விழுந்து தலையில் அடி, அறுவைச் சிகிச்சை. வயது ஐம்பத்தேழு. படிவத்தில் நான் நாற்பத்தைந்து கொடுத்திருந்தேன்.

பக்கத்தில் அவர் மனைவி ஆவுடையம்மாள் குழாயின் வாயைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை, இருநூறு மில்லி. மறந்துவிடக் கூடாது என்று கைபேசியில் மணி வைத்திருக்கிறாள். பன்னிரண்டு நாளாக ஒரு வேளை தப்பவில்லை என்று சிஸ்டர் கனகராணி பெருமையாகச் சொன்னார். தங்களைவிட அந்த அம்மா நேரம் தவறாதவர் என்றும் சொன்னார்.

நாளை விழுங்கும் சோதனை. குழாயை எடுத்துவிடப் போகிறார்கள். இதையும் சிஸ்டர்தான் சொன்னார், நல்ல செய்தியாக.

கணக்கு எளிது. கஞ்சி தடுத்துக்கொண்டிருந்ததால் மருந்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். நாளை குழாயும் கஞ்சியும் போய்விடும். நானூற்றைம்பதும் முழுசாக இரத்தத்தில் இறங்கும். வலிப்பு வராது. அதற்குப் பதிலாகப் பார்வை சுழலும், நடை தள்ளாடும், நினைவு மங்கும். அதற்கும் யாராவது ஃபோன் செய்து கேட்பார்கள். நான் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்வேன்.

நடைவழியில் டாக்டர் கோகுல்நாத்தை நிறுத்திச் சொன்னேன். ஃபீடுக்கும் மருந்துக்கும் இடைவெளி இல்லை, அதனால்தான் ஏறவில்லை என்று. ஒரு நொடி கண்ணை மூடினார். "நல்லா பிடிச்சீங்க" என்றார். மருந்தை மறுபடி முந்நூறாக்கினார். இடைவெளிக்கு நேரம் குறித்தார். குழாயை எடுப்பதை இரண்டு நாள் தள்ளிவைத்தார். எல்லாம் மூன்று நிமிடத்தில். திறமையானவர்.

போகும்போது திரும்பி, இதை முன்னாலேயே யாரும் வார்டுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டார். படிவத்தைப் பார்க்க வேண்டும் என்றேன்.

பார்த்தார்கள். நான்கு மணிக்குச் சங்கரவடிவு மேடம் 212-ஐ எடுத்துக்கொண்டு போனார். பின்னணிக் கட்டத்தின் கடைசி வரி: 'ஃபீடுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை என்று வார்டுக்குத் தெரிவிக்கப்பட்டது.'

என் கையெழுத்து தெளிவானது. பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

மதியம் சிஸ்டர் கனகராணி ஃபோன் செய்தார். வினா எதுவும் இல்லை.

"அன்னைக்கு இடைவெளின்னு சொன்னீங்களா மேடம்? எனக்கு நெனைவே இல்ல."

"ஃபார்ம்ல இருக்கே சிஸ்டர்."

"ஆமா. இருக்கு. பாத்தேன்." மறுபடி தாளைப் புரட்டும் சத்தம். "அப்ப நான் அந்தம்மாட்ட சொல்லியிருப்பேன். அவ்வொதான் கேக்காம ஊத்தியிருப்பாவ."

இருபத்தோரு வருடம் வேலை பார்த்தவர். எழுதியிருந்தால் நடந்திருக்கும் என்று நம்புகிறவர். மாலைக்குள் வார்டின் குறிப்பேட்டிலும் ஒரு வரி வந்துவிட்டது. அதைப் பார்த்து டாக்டர் கோகுல்நாத் நோயாளியின் கோப்பில் எழுதியிருக்கிறார்: 'உறவினரிடம் அறிவுறுத்தப்பட்டது. பின்பற்றப்படவில்லை.'

மையம் வார்டுக்குச் சொன்னது. வார்டு வீட்டுக்குச் சொன்னது. எல்லாப் படிவங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஆவுடையம்மாளிடம் படிவம் கிடையாது.

ஜூலை 16, புதன்

செயலியைச் சோதித்தேன். 212-ஐக் கேட்டேன். பொடிக்கலாம், முப்பது மில்லி தண்ணீர், அத்துடன் இரண்டு மணி நேர இடைவெளி அவசியம் என்றது. என் படிவத்திலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறது. இனி இந்த மருத்துவமனையில் எவருக்கும் இந்தத் தவறு நேராது. நான் எழுதிய அந்த ஒரு பொய்தான் அதற்குக் கற்பித்ததிலேயே பயனுள்ள வரி.

நிலோஃபர் நெருங்கி வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை நீங்க குடுத்த ஜெராக்ஸ்ல இந்தக் கட்டம் காலியா இருந்துச்சே மேடம்."

பின்னணியைச் சனிக்கிழமைதான் எழுதுவோம் என்றேன். நடைமுறை அது என்றேன்.

"சரி மேடம்."

தன் நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள். தேதி போட்டு. பயிற்சியின் பகுதி என்று நினைத்தாளா, வேறு எதற்காகவோ எழுதினாளா என்று தெரியவில்லை. அவள் கையெழுத்தும் தெளிவாகத்தான் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

தர ஆய்வு. இருவர் வந்தார்கள். பதில் சொல்ல ஆகும் சராசரி நேரம் நான்கரை நிமிடம். மூன்று வருடத்தில் பிழைகள்: இல்லை. இரண்டு படிவங்களை எடுத்து மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார்கள். ஒன்று 212. மற்றது திங்கட்கிழமை நான் டாக்டரிடம் சொன்னதை வைத்து மேடம் புதிதாகத் தயாரித்தது. கேட்காமலே முன்வந்து தகவல் தந்ததற்கு அதில் தனிப் பிரிவு உண்டு.

மூன்று மணிக்குக் கண்காணிப்பாளர் அறையில் எனக்குச் சான்றிதழ். லட்டு, மிக்சர், படம். பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. ஹெப்சிபா 'ஹெசிபா' ஆகியிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. வேறு யாருக்கோ கொடுத்தது போல இருந்தது. அது கொஞ்சம் உதவியது.

லிஃப்ட் பழுது. படியில் இறங்கினேன். நரம்பியல் வார்டுக்கு வெளியே தரையில் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கைபேசி, ஒலிபெருக்கியில். மகன் மாசானம், ஷார்ஜாவில் கட்டட வேலை.

"படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காவளாம். நீ கேக்காம ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்க. அப்பாவ நீயே அனுப்பி வச்சிருப்ப."

"எனக்கு வெளங்கலய்யா."

"ஒனக்கு என்னைக்கு வெளங்கியிருக்கு?"

"யாரும் சொன்ன நெனப்பு இல்லய்யா எனக்கு. ஆனா டாக்டரே எழுதியிருக்காவ. சொல்லியிருப்பாவ."

நான் கடந்து போக வேண்டியிருந்தது. காலை மடக்கி வழிவிட்டாள். என் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ். அதைப் பார்த்து, ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, மெல்லச் சிரித்தாள்.

கடந்து போனேன்.

ஜூலை 18, வெள்ளி

முதலில் மேடத்திடம். உட்காரச் சொன்னார். உட்காராமல் சொன்னேன். இடைவெளி பற்றி 2ஆம் தேதி நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே அது 11ஆம் தேதிதான் உறைத்தது. 12ஆம் தேதி எழுதினேன்.

அவர் கோபப்படவில்லை. களைத்துப்போனவர் போலக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஆய்வு முடிந்துவிட்டது, வலிப்பு நின்று நான்கு நாளாகிறது, நேற்றுக் குழாயையும் எடுத்தாயிற்று என்று வரிசையாகச் சொன்னார்.

"இப்ப இது யாருக்கு வேணும், ஹெப்சி?"

ஒன்பதாம் படுக்கைக்காரரின் மனைவிக்கு என்றேன்.

"அவங்க கேக்கலியே."

கேட்டால்தான் பதில். மையத்தின் முதல் விதி. சரியாகத்தான் சொன்னார்.

வெள்ளைத் தாளில், கட்டங்கள் இல்லாமல், பதினோரு வரி எழுதி அவர் மேசையில் வைத்தேன். இன்னொரு படி டாக்டர் கோகுல்நாத்துக்கு. திங்கட்கிழமை வரை மையத்துக்கு வர வேண்டாம், மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார் மேடம். நான் வெளியேறும்போது 212-ஐக் கோப்பிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கிழிக்கவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை.

வார்டில் இசக்கியப்பன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆவுடையம்மாள் இட்லியை உதிர்த்துப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். சிறிய சிறிய கவளங்கள். ஒவ்வொன்றும் இறங்குகிறதா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் கனகராணி அங்கேயே நின்றார். நல்லதாகப் போயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே தடவையில் சொன்னேன்.

சிஸ்டர் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். குறிப்பேடு இருக்கும் மேசைக்குப் போய், அதைத் திறந்து, நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"அப்ப எங்கிட்ட யாரும் சொல்லலையா?"

"சொல்லலம்மா. நான் சிஸ்டர்ட்டயே சொல்லல. சொன்னதா பின்னாடி எழுதினேன்."

"கஞ்சி ஊத்துனது தப்பில்லையா?"

"தப்பில்ல. நீங்க செஞ்சது எல்லாம் சரி."

அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கான சொற்களை மாடிப்படியில் தயாரித்து வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"இத எம் மவன்ட்ட சொல்லுவீங்களா?"

கடிதமாக எழுதித் தருகிறேன், மருத்துவமனை முத்திரைக்கும் ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

"எழுதுனதெல்லாம் போதும். வாயால சொல்லுங்க."

வீடியோவில் கூப்பிட்டாள். மாசானம் மஞ்சள் தலைக்கவசத்துடன் ஏதோ தளத்தில் நின்றிருந்தான். பின்னால் வெயிலும் இரும்பும். என் பெயரைச் சொன்னேன், முழு எழுத்துகளுடன். வேலையைச் சொன்னேன். எது எந்தத் தேதியில் நடந்தது என்று சொன்னேன். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. எனக்கு எல்லாமே அப்படித்தான் முடிகிறது.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். பிறகு ஆரம்பித்தான். முதலில் 'நீங்க' என்றான். மூன்றாவது வாக்கியத்தில் 'நீ'. எல்லாவற்றையும் இங்கே எழுதவில்லை. நேற்றுத் தன் அம்மாவைச் சொன்னவை பலவும் அதில் இருந்தன, ஏறக்குறைய அதே சொற்கள்.

"ஒங்கப்பா படுத்திருந்தா இப்பிடித்தான் எழுதுவியா? சொல்லு. எழுதுவியா?"

தரையைப் பார்த்தேன். பார்வை தாழ்ந்ததும் கைபேசியும் தாழ்ந்தது. நிமிர்ந்தால் அதுவும் நிமிர்ந்தது. ஆவுடையம்மாள் அதை இரண்டு கையாலும் என் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். கை ஆடவில்லை. இசக்கியப்பன் மென்றுகொண்டே மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடத் தொடங்கியது. அவன் குரல் அதில் அமுங்கிப்போனது.

"செத்த இருய்யா" என்றாள் ஆவுடையம்மாள். "அவ்வொளுக்குச் சரியா கேக்கல."

கைபேசியின் விளிம்பில் விரலால் தடவித் தேடி, சத்தத்தை முழுவதும் ஏற்றினாள்.